போடி ஏலக்காயும் ஜெர்மன் பிஸ்கட்டும்

மார்கழி நெருங்கிவிட்டது. எங்கள் போடிநாயக்கனூரில் இந்த நாட்களில் கடைவீதிப் பக்கம் போனாலே ஏலக்காய் மணம் மூக்கைத் துளைக்கும். விடியுமுன்னே பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து, கேரளத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். ஊருக்குள்ளே இருக்கும் பெண்கள் கிட்டங்கிகளில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் என்ன கிடக்கிறது? நாலே நாலு காய்! பாயசத்துக்கு இரண்டு, கேசரிக்கு இரண்டு. எங்கள் தெருவில் தோட்டத்துக்குப் போகும் அக்கா ஒருவர் சொல்வார்: "நாள் பூரா அதுலயேதான் கை கிடக்கு. வீட்டுக்கு வந்து டீயில தட்டிப் போடத் தோணவே தோணாது தங்கச்சி."

போன டிசம்பரில் என் அண்ணன் மகள் ஜெர்மனியிலிருந்து வந்தாள். அங்கே நூரம்பெர்க் நகரத்தில் குடியிருக்கிறாள். ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டி, "அத்தை, இதுல நம்ம ஊர் வாசனை அடிக்குதா பாருங்க" என்றாள். வாயில் போட்டதும் ஏலக்காய், கிராம்பு, பட்டை, அதற்குப் பின்னால் தேன்! லேப்கூகன் என்று பேராம். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்பிருந்தே அங்கே வீட்டுக்கு வீடு இந்த மாதிரி பலகாரம்தான். நாம் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னில் அடைக்கிறோமே, அது போல.

நூரம்பெர்க்கில் இதைச் செய்கிறவர்கள் இருந்ததற்கு 1395-ஆம் வருஷத்திலேயே எழுத்துச் சான்று உண்டாம். ஊரைச் சுற்றியுள்ள காட்டில் தேன் கிடைத்தது. வாசனைச் சாமான்கள் கப்பலில் வெனிஸ் வந்து, அங்கிருந்து வண்டியேறி மலை தாண்டி வந்தன. ஏலக்காய்க்கும் மிளகுக்கும் பூர்வீகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை அல்லவா? இங்கிருந்து போன சாமான்தான் அங்கே பண்டிகைப் பலகாரமாயிற்று. 2019-ல் நம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மாதிரி நூரம்பெர்க் லேப்கூகனுக்கு 1996-லேயே ஐரோப்பாவில் கிடைத்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 1914-ல் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் நம் நாட்டு ஏலக்காயைக் கொண்டுபோய் மத்திய அமெரிக்காவில் குவாதமாலா என்ற தேசத்தில் நட்டார். இன்று உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான்! என் மருமகள் ஜெர்மனிக் கடையில் வாங்கிய பாக்கெட்டிலும் அந்த நாட்டுப் பேர்தான் இருந்ததாம். "அதான் அத்தை, போகும்போது பெட்டி நிறைய போடிக் காய் வாங்கிட்டுப் போறேன்" என்றாள்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். லேப்கூகன் வகையிலேயே சின்ன உருண்டையாகச் செய்வதற்கு 'மிளகுக் கொட்டை' என்று அர்த்தம் வரும் ஒரு ஜெர்மன் பேர். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வாசனைச் சாமான் எல்லாமே 'மிளகு'தான். நமக்குச் சுலபம் இந்த உருண்டைதான். அச்சு எதுவும் வேண்டாம்.

முதலில் ஏலக்காய். பெரிதாக, பச்சைப்பசேலென்று இருப்பதற்குத்தான் விலை அதிகம். பிஸ்கட்டுக்கு அது தேவையே இல்லை. மணம் தோலில் இல்லை, விதையில்தான் இருக்கிறது. சின்னக் காயானாலும் உரித்தால் விதை கறுப்பாக, கையில் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். வெள்ளை விதை முற்றாத காய். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சாயம் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு காயை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் அது சாயம்தான். பொடியாக விற்பதை வாங்கவே வேண்டாம். பொடித்த நாழிகையிலிருந்து மணம் பறக்க ஆரம்பித்துவிடும்.

ஏல விதைப் பொடி முக்கால் தேக்கரண்டி, பட்டைப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, கிராம்பு எட்டு, கொத்தமல்லி விதை, சுக்குப் பொடி அரை அரைத் தேக்கரண்டி, மிளகு கால், அன்னாசிப்பூ ஒன்று, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் பொடித்துச் சலித்துக் கொள்ளுங்கள். ஜாதிக்காய் மட்டும் கை தாராளம் வேண்டாம். அதிகமானால் மயக்கம் தரும்.

100 கிராம் தேன், 100 கிராம் பொடித்த வெல்லம், 50 கிராம் வெண்ணெய் மூன்றையும் சிறு தீயில் கரையவிட்டு இறக்குங்கள். கொதிக்க வேண்டாம். வெல்லத்தில் மண் இருந்தால் வடிகட்டிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு முட்டையை அடித்து ஊற்றுங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில் மூன்று நாலு மேஜைக்கரண்டி பால் போதும். 200 கிராம் மைதா, 50 கிராம் கோதுமை மாவு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, வாசனைப் பொடி ஆகியவற்றைக் கலந்து சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டும், ஒட்டட்டும், மாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். மூடி, ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்தால் தானாக இறுகும். ஜெர்மனியில் பழைய நாளில் இந்த மாவை வாரக்கணக்கில் ஊற வைப்பார்களாம். நம் அதிரச மாவு நாள்பட நாள்பட ருசிக்குமே, அந்தச் சங்கதிதான்!

மறுநாள் நெல்லிக்காய் அளவு உருட்டினால் சுமார் 30 வரும். 'ஓவன் இல்லையே' என்று கவலைப்பட வேண்டாம். கனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, நடுவே ஒரு வளையம் வைத்து மூடி, பத்து நிமிஷம் காயவிடுங்கள். நெய் தடவிய தட்டில் உருண்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கி உள்ளே வைத்து, மிதமான தீயில் 15 முதல் 18 நிமிஷம். நன்றாயிருக்கும் குக்கரை இப்படிக் காயவைத்துப் பாழாக்காதீர்கள். ஓவன் உள்ளவர்களுக்கு 180 டிகிரியில் 12 நிமிஷம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். 'வேகவில்லை' என்று மறுபடி வைத்தால் கல்லாகிவிடும். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு குழைத்து மேலே தடவினால் வெள்ளை வெளேரென்று பார்வையாக இருக்கும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இதில் ஒரு துணுக்குகூடத் தரக்கூடாது. காரணம், தேன். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கினால் கை கால் துவண்டு, மூச்சே நிற்கும் ஆபத்து உண்டு. அடுப்புச் சூட்டில் அந்த வித்து சாகும் என்று நம்ப முடியாது. நம் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிறோமே, அதில் தேனும் சேர்வதுண்டு. பெரியவர்கள் ஆசையாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் "டாக்டர் வேணாம்னுட்டார் அத்தை" என்று பணிவாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். இதில் கூச்சம் பார்க்கவே கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்களும் 'வெல்லம்தானே, தேன்தானே' என்று கை வைக்க வேண்டாம்; உடம்புக்கு எல்லாம் ஒரே இனிப்புதான்.

நன்றாக ஆறியபின் டின்னில் அடைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் போனால்தான் வாசனை ஒன்றோடொன்று கலந்து ருசி கூடும். ரொம்ப இறுகிப் போனால் ஒரு துண்டு ஆப்பிளை ஒரு ராத்திரி உள்ளே வைத்து, காலையில் எடுத்துவிடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!