வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீஸ்



2011-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், மாட்டுங்கா பக்கத்தில் பழைய சால் ஒன்றில் இருபது வருஷமாய்க் குடியிருந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, வாடகை பாக்கிக்காக வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, ஜெபியுங்கள்” என்றார். நானும் ஜெபித்தேன். பின்பு, “வீட்டுக்காரரோடு வழக்கு வேண்டாம், சமாதானமாய்ப் போய்விடுங்கள்” என்று ஆலோசனையும் சொன்னேன். அந்தக் காகிதத்தை வாங்கி வாசிக்க எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாளில் அவர் அறையைக் காலிசெய்து, மனைவி பிள்ளைகளோடு கல்வாவுக்குப் போய்விட்டார். அவர் போயிருக்கவே வேண்டியதில்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

மும்பையில் நடைமுறையிலிருப்பது 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவு, வாடகை செலுத்துகிற அல்லது செலுத்த ஆயத்தமாயிருக்கிற குடியிருப்பாளரிடமிருந்து பாக்கியைக் காரணங்காட்டி வீட்டைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. பாக்கி இருந்தாலும், எழுத்து மூலமான நோட்டீஸ் கொடுத்து 90 நாட்கள் கழியுமட்டும் வீட்டுக்காரர் வழக்கே தொடுக்கக்கூடாது. வழக்குத் தொடுத்த பின்னும் வழி அடைந்துபோவதில்லை. சம்மன் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முழுப் பாக்கியையும் ஆண்டுக்கு 15 சதவீதத் தனிவட்டியோடு நீதிமன்றத்தில் கட்டி, வழக்கு முடியும்வரை மாத வாடகையையும் தவறாமல் கட்டி, நீதிமன்றம் சொல்லும் செலவுத் தொகையையும் கொடுத்தால், அந்தப் பாக்கிக்காக வெளியேற்றும் தீர்ப்பு அளிக்கப்படாது. 6,000 ரூபாய் ஓராண்டு நின்றிருந்தால் வட்டி 900 ரூபாய். நம் சகோதரர் அறையைக் காலிசெய்து சாமான்களை ஏற்றிச்சென்ற டெம்போவுக்கே அதற்கு மேல் கொடுத்தார்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. சில வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வாடகையை வாங்க மறுப்பார்கள். “பிறகு பார்க்கலாம்” என்பார்கள். பிறகு பாக்கி என்று நோட்டீஸ் வரும். “வாங்க மறுத்தார்” என்று வாயினால் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆகையால் காசோலையை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்பது அவமரியாதையல்ல, அது சட்டம் தந்த உரிமை. பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதற்கும் அதே சட்டம் தடை விதிக்கிறது. ஆட்களை அனுப்பிச் சாமான்களை வெளியே எறிந்தால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பக் கேட்கலாம். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். வாசலைக் காப்பதும் நீதியின் பகுதி என்று அப்பொழுது நான் யோசிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். நம்மில் அநேகர் இன்று இருப்பது பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில். அவர்களுக்கு மேற்சொன்ன 90 நாள் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பேசும். காலம் முடிந்தும் காலிசெய்யாவிட்டால் 24-ஆம் பிரிவின்படி உரிமத்தொகையைப்போல இருமடங்கு நஷ்டஈடு கட்ட நேரிடும். எனவே கையெழுத்திடுமுன் மராத்தியோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரைக்கொண்டு முழுவதையும் வாசித்துக் கேளுங்கள். பதிவு செய்யவேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு செய்யாதிருந்தால், வேறுவிதமாய் நிரூபிக்கப்படும்வரை, நிபந்தனைகளைக்குறித்துக் குடியிருப்பவர் சொல்வதே ஏற்கப்படும் என்று 55-ஆம் பிரிவு சொல்லுகிறது. இதை நம் ஜனங்களில் பலர் அறியார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பீர்கள். ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

அந்தச் சகோதரர் இன்றும் ஆராதனைக்கு வருகிறார், இரண்டு ரயில் மாறி. என்மேல் வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். உங்களில் யாருக்காவது நோட்டீஸ் வந்தால், ஜெபக்குறிப்போடு அந்தக் காகிதத்தையும், தேதி முத்திரையுள்ள உறையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இப்பொழுது நான் முதலில் அதைத்தான் வாசிக்கிறேன்.