62 வயதில் க்ரூஸர் வாங்கினால் ஊருக்கு என்ன?

நண்பர் ஒருவர் புது க்ரூஸர் பைக் வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வயது 62. பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்து, அச்சு வார்த்து, சூளை பார்த்து முப்பது வருடம் ஓட்டியவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கடன் கிடையாது. தன் காசில் ஒரு வண்டி வாங்குகிறார். அதற்கு நம் ஊரில் எத்தனை நீதிபதிகள்!

"இந்த வயசுல எதுக்குங்க?" என்கிறார் டீக்கடையில் ஒருவர். "பேரன் எடுத்தாச்சு, கோயில் குளம்னு போகலாமே" என்கிறார் சம்பந்தி. பெற்ற மகனே "ஊர் சிரிக்கும்ப்பா" என்கிறான்.

எந்த ஊர் சிரிக்கும்? விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. தமிழில் முதுகுன்றம். பழமலைநாதருக்கு மாசி மகத்தில் தேர் இழுக்கிற ஊர், ஒரு பெரியவர் பைக் ஓட்டினால் சிரிக்குமாம்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து ராயல் என்ஃபீல்டு புல்லட்டை நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்தது. திருவொற்றியூரில் செய்த வண்டி. ஆனாலும் நண்பரின் இளவயதில் அது போலீஸ்காரருக்கும் பண்ணையாருக்கும்தான். சூளை வேலைக்காரன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். இப்போது கையில் காசு வந்தால், வயசு போச்சு என்கிறீர்கள். அப்படியானால் அவர் எப்போதுதான் வாங்குவது?

க்ரூஸர் என்றதும் வேகம் என்று நினைப்பது அறியாமை. அவர் பார்க்கிற மீட்டியார் 350-க்கு இருக்கை உயரம் 765 மி.மீ. உங்கள் வீட்டு ஸ்ப்ளெண்டருக்கு 785. குட்டையான மனிதருக்கும் இரண்டு காலும் தரையில் படியும். முதுகு நிமிர்ந்து உட்காரலாம். எடை 191 கிலோ என்பது உண்மைதான், ஸ்ப்ளெண்டரோ 112. சந்தில் பின்னால் தள்ளும்போது அது தெரியும். அதனால்தான் முதலில் அவர் ஆசைப்பட்ட சூப்பர் மீட்டியார் 650-ஐ நானே வேண்டாம் என்றேன். 241 கிலோவைச் சாய்ந்தால் தூக்க ஆள் தேட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குள் 18 சதவீதம். இப்படிக் கணக்குப் போட்டுப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஊர் சிரிக்கும் என்பது கணக்கில்லை.

உடம்பு தாங்குமா என்பதைச் சட்டம் ஏற்கெனவே கேட்கிறது. 55 வயதுக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள், அதுவும் மருத்துவச் சான்றோடு. நண்பர் அதை வாங்கி வைத்திருக்கிறார்.

ஆனால் டீக்கடை நீதிபதியின் மகன் பதினோராம் வகுப்பு. பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல் பள்ளிக்கு வருகிறான். 16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மேல் லைசென்ஸே கிடையாது. அவன் ஓட்டுவதோ 150 சிசி, அப்பா வாங்கிக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "பஸ் கூட்டமா இருக்கு சார்" என்பார்கள். அப்போது ஊர் சிரிக்காதா? பையன் கெத்தாக ஓட்டுகிறான் என்று பெருமை அல்லவா படுகிறது!

அறுபது வருடம் பொறுத்தவர் ஐம்பதில் ஓட்டுவார். பதினாறு வயது பொறுக்காது. இரண்டில் எதற்கு நீங்கள் பயப்பட வேண்டும்?

சனிக்கிழமை நானும் அவரும் ஷோரூமுக்குப் போகிறோம். "வயசுக்கேத்த மாதிரி" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள், உங்கள் வீட்டு வண்டியை இன்று காலை யார் எடுத்துப் போனார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.