ஜேக்கப் விட்டுச் சென்ற வேலை

ஜேக்கப் சகாயகுமார் அருணியைத் தொலைக்காட்சிச் சமையல்காரர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது போதாது என்பது என் எண்ணம். ஊர் ஊராகப் போய் ஏடு தேடியவர்களின் வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கவர் அவர்.

1974இல் உத்தமபாளையத்தில் பிறந்தவர். விடுதி அடுக்களைகளில் தொழில் பழகியவர். சன் தொலைக்காட்சியின் ‘ஆஹா என்ன ருசி’ அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 24 மணி நேரம் இடைவிடாது சமைத்துக் கின்னஸ் ஏட்டிலும் இடம் பெற்றார். சென்னையில் ‘ஜேக்கப்ஸ் கிச்சன்’ என்ற உணவகத்தைத் தொடங்கினார். 2012 நவம்பர் 4ஆம் நாள் மறைந்தபோது வயது 38.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது சாதனை ஏடு அன்று. அவர் கொங்கு நாட்டு உணவைத் தேடிப் போனதுதான். பெரிய விடுதிகளில் தமிழ்நாட்டு அசைவம் என்றாலே செட்டிநாடு என்றிருந்த காலம் உண்டு. கொங்குச் சமையலுக்கு வேறு இலக்கணம். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, சந்தகை, ஒப்புட்டு என்று அதற்கெனத் தனி வரிசை இருக்கிறது. மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில் இவற்றோடு மசாலாப் பொடியின்றி வதக்கும் கோழிக்கறி, பள்ளிபாளையம் என்ற தறியூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட உணவை விடுதி மேசைக்கு உரியதாக்கியவர்களில் ஜேக்கப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

சமையலை இலக்கியத்தோடு ஒப்பிடலாமா என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையை மீண்டும் புரட்டிப் பார்க்கட்டும். எங்கள் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழிநெடுக எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என ஒவ்வொருவர் இல்லத்திலும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். நிலம் மாறச் சோறு மாறுகிறது. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் அந்த உணவுகளின் பெயர்களும் நம்மில் பலருக்கு எட்டியிருக்கா. அன்று அழிந்துகொண்டிருந்தது ஓலை. இன்று மறைந்துகொண்டிருப்பது பாட்டிமாரின் கைப்பக்குவம்.

வரதராசப் பெருமாள் கோயில் இட்லி பிழைத்திருக்கிறது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைக்கும் முறை மாறாமல் நிற்பதற்குக் காரணம் அது நைவேத்தியம் என்பதே. அதே பெயரில் உணவகத்தில் கிடைப்பது பெரும்பாலும் தாளித்த சாதாரண இட்லி. வழிபாட்டின் காவல் இல்லாத வீட்டுச் சமையலுக்கு யார் காவல்? பெருமாள் ஓரிரவு தங்கிய கதையைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கும் ஊர் ஓரிக்கை. அங்கே தறிக்குழியை விட்டெழுந்து வருகிறவருக்கு வீட்டில் என்ன ஆக்கிவைத்தார்கள் என்பதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. அது செய்முறையைக் காட்டும், அளவைச் சொல்லும். ஒரு பண்டத்தை எந்தச் சடங்குக்கு, எந்தப் பருவத்தில், யாருக்காகச் செய்தார்கள், ஏன் அந்த இலை என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் அடங்குவதில்லை. சமையல்காரர் தேடிக் கொணர்ந்ததை எழுத்தில் நிறுத்துவது தமிழ் படித்தவர்களின் கடமை. நம் துறைகளில் ‘சங்க இலக்கியத்தில் உணவு’ என்ற தலைப்பில் ஆய்வேடுகள் வந்தபடி இருக்கின்றன. ஆய்வு செய்கிற மாணவி தன் சொந்தப் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பாளா என்பது ஐயமே.

ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பண்டம் ஒன்றை, அதைச் செய்பவரின் சொற்களிலேயே, ஊரும் பருவமும் குறித்து எழுதித் தரட்டும். ஒரு கல்லூரியில் ஓராண்டில் சில நூறு பக்கங்கள் சேர்ந்துவிடும். அதற்குப் பல்கலைக்கழக நிதி வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். ஜேக்கப் 38 வயதில் விட்டுச் சென்ற வேலையைத் தொடர நமக்கிருக்கும் எளிய வழி இதுவே.