உயரம் மட்டும் போதாது!

2015 ஜூன் மாதம், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 52-வதாக சத்னாம் சிங் பமாராவின் பெயர் அறிவிக்கப்பட்டது. பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே கிராமத்து விவசாயியின் மகன், வயது 19, உயரம் ஏழடி இரண்டு அங்குலம். இந்தியாவில் பிறந்த ஒருவர் இவ்வாறு தேர்வானது அதுவே முதல் முறை. நாடே கொண்டாடியது.

ஆனால், தேர்ந்தெடுத்த டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்காக ஒரு முறைப் போட்டியில்கூட அவர் களமிறங்கவில்லை. கீழ்நிலை லீக்கில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு 2017-ல் தாயகம் திரும்பினார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2020-ல் இரண்டாண்டுத் தடை பெற்றார். 2021-ல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார்.

ஊக்கமருந்து விவகாரத்துக்கு அவரே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், அவரது ஆட்டம் அதற்கு வெகு முன்பே தேங்கிவிட்டது. காரணங்கள் வெளிப்படையானவை. லூதியானா அகாதெமியிலிருந்து 2010-ல் உதவித்தொகை பெற்று புளோரிடா சென்றபோது அவருக்கு வயது 14. அமெரிக்க இளைஞர்கள் பட்டை தீட்டப்படும் கல்லூரிப் போட்டிகளில் ஆடாமலேயே அவர் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தார். கூடைக்கு அடியில் நிற்கும் நெடிய வீரரைவிட, வேகமாக ஓடுபவரும் தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிபவரும் தேவைப்படும் விளையாட்டாகக் கூடைப்பந்து அப்போது மாறிக்கொண்டிருந்தது. பின்னர் கீழ்நிலை லீக் வரை சென்ற பால்பிரீத் சிங், அம்ஜ்யோத் சிங், பிரின்ஸ்பால் சிங் ஆகியோருக்கும் என்.பி.ஏ. முறைப் போட்டி எட்டாக்கனியாகவே இருந்தது.

குறை திறமையில் இல்லை. ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஆட்டத்தின் போக்கைக் கணிக்கும் அறிவு பயிற்சிக் கூடத்தில் வருவதில்லை; சமபலம் கொண்ட எதிரணிகளுடன் ஆண்டு முழுவதும் மோதித்தான் வரும். இங்கோ ரயில்வேயிலோ, ஓ.என்.ஜி.சி.யிலோ, வங்கியிலோ வேலை கிடைப்பதுடன் ஒரு வீரரின் லட்சியம் பெரும்பாலும் நிறைவேறிவிடுகிறது. 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017-டன் நின்றுபோனது. சத்னாம் தேர்வான அதே ஆண்டில், உண்மையான கூடைப்பந்து சம்மேளனம் எது என்று இரு கோஷ்டிகள் மோதிக்கொண்டிருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு வாரியத்தையும், பூசல்களைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்துகிறது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், தேர்தல் ஒழுங்காக நடந்துவிட்டால் வீரர்கள் தாமாக உருவாகிவிட மாட்டார்கள். இளையோருக்கு ஆண்டுதோறும் பல மாதங்கள் நீடிக்கும் லீக் போட்டிகள், தகுதி பெற்ற பயிற்சியாளர்கள், தடைபடாத கல்வி ஆகியவற்றை அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளாக்க வேண்டும். விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநில அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை கோடி ஒதுக்கினோம் என்று அவையில் பதில் சொல்வது எளிது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவன் கடந்த ஆண்டு எத்தனை ஆட்டங்கள் ஆடினான் என்ற கேள்விக்கு என்றைக்கு அமைச்சரால் பதில் சொல்ல முடிகிறதோ, அன்றைக்குத்தான் அடுத்த சத்னாமுக்கு வழி பிறக்கும்.