சான்று சொல்லும் வானம்

எளியோர்க்கும் தன் வாயிலைத் திறந்து வைத்திருக்கும் அறிவியல் வானியல். பட்டமோ ஆய்வகமோ இல்லாதவரும் இரவு வானை நோக்கலாம். கண்டதைக் குறித்து வைக்கலாம். அக்குறிப்பு ஆய்வாளர்க்கும் பயன்படலாம். திருவாதிரை எனத் தமிழர் வழங்கும் செந்நிற விண்மீன், 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒளி குன்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அம்மாற்றம் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. பல நாடுகளிலும் உள்ள வானியல் ஆர்வலர்கள் அதன் ஒளியைப் பிற விண்மீன்களின் ஒளியோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தனர்.

இன்று திறன்பேசியும் விண்மீன்களைப் படம் பிடிக்கிறது. இளைஞர் பலர் பால்வழியையும் நிலவையும் படமெடுத்துப் பகிர்கின்றனர். இது மகிழத்தக்கதே. எனினும், ஒரு வினா எழுகிறது. நாம் எடுக்கும் படம் வானத்தைப் பற்றிய சான்றா, வெறும் அணியா? வான்படம் முதலில் சான்றாக இருத்தல் வேண்டும். அழகு அதன்பின் வரட்டும் என்பதே என் கருத்து.

ஆர்வலர் தந்த கொடை

ஆஸ்திரேலியாவில் சமயப் பணியாற்றிய இராபர்ட் எவன்ஸ், விண்மீன் திரள்களின் தோற்றங்களை நினைவில் பதித்துக்கொண்டவர். தொலைநோக்கியில் கண்பதித்து, முன்பு இல்லாத ஒளிப்புள்ளியைத் தேடுவார். இவ்வாறு, வெடித்துச் சிதறும் விண்மீன்களுள் 40-க்கும் மேற்பட்டவற்றை அவர் கண்டறிந்தார்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரைச் சேர்ந்த விக்டர் பூசோ, பூட்டுத் தொழில் செய்பவர். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, தம் தொலைநோக்கியில் பொருத்திய புதிய ஒளிப்படக்கருவியைச் சோதிப்பதற்காக ஒரு விண்மீன் திரளை அடுத்தடுத்துப் படமெடுத்தார். முதலில் எடுத்த படங்களில் இல்லாத ஒரு புள்ளி, பின்னர் எடுத்தவற்றில் தோன்றியது. விண்மீன் ஒன்று வெடிப்பதன் தொடக்கக் கணங்கள் அவர் கருவியில் பதிவாகியிருந்தன. புள்ளி தோன்றிய படங்களைப் போலவே, தோன்றாத படங்களும் அறிவியலுக்கு மதிப்புடையவை ஆயின. அவற்றை 'வெற்றுப் படங்கள்' என்று அழித்திருந்தால், தொடக்கம் எதுவென்று உறுதிசெய்வது அரிதாகியிருக்கும்.

காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1949ஆம் ஆண்டு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். உடனிருந்து உறுதிசெய்த பாக், நியூகிர்க் ஆகியோர் பெயர்களோடு அவர் பெயரையும் அவ்வால்மீன் தாங்கி நிற்கிறது.

திருத்தமும் திரிபும்

"எல்லாப் படங்களும் திருத்தப்படுபவையே, இதில் உண்மை ஏது, பொய் ஏது?" என்று சிலர் வினவலாம். இவ்வினா நியாயமானது. நம் கண் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைப்பதில்லை. ஒளிப்படக்கருவி சேர்த்து வைக்கிறது. ஆதலின், கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும் ஒண்முகில் படத்தில் செந்நிறமாகத் தெரியலாம். இது பொய்யன்று. ஒரே பகுதியைப் பலமுறை படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், கருவியால் விளையும் புள்ளிக்கறைகள் குறைந்து மங்கலான ஒளியும் தெளிவாகும். இதுவும் பொய்யன்று. தொலைவில் நின்று எடுத்தால் கோபுரத்தின் பின்னே நிலவு பெரிதாகத் தோன்றுவதும் இயல்பே.

ஆனால், வேறோர் இரவின் நிலவை வெட்டி அக்கோபுரத்தின் பின்னே ஒட்டி, "நேற்றிரவு கண்ட காட்சி" என்று கூறுவது பொய். வானில் இல்லாததைச் சேர்ப்பதும், இருப்பதை மறைப்பதும் சான்றைச் சிதைக்கும். கற்பனைப் படம் கலையாகலாம். அதனைக் கற்பனை என்றே அறிவிக்க வேண்டும். எடுத்த முறையை ஒளிவின்றிச் சொல்வதே திருத்தத்தையும் திரிபையும் பிரிக்கும் எல்லை.

மாணவர் செய்யத்தக்கது

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். நிலவற்ற, விளக்கொளி குறைந்த இடத்தில், வடதிசை நோக்கிக் கருவியை அசையாமல் நிறுத்தித் தொடர்ந்து படங்கள் எடுத்துச் சேர்த்தால், விண்மீன்கள் துருவ விண்மீனைச் சுற்றி வில் வரைந்திருக்கக் காணலாம். புவி தன்னைத்தானே சுற்றுவதால் ஒரு மணி நேரத்தில் அவ்வில் ஏறத்தாழ 15 பாகை நீளும். துருவ விண்மீனின் உயரம், நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையை ஒட்டியிருக்கும்: சென்னையில் ஏறத்தாழ 13 பாகை; கன்னியாகுமரியில் ஏறத்தாழ 8 பாகை. அலங்காரப் படமாகக் கருதப்படுவது, அளந்து பார்ப்பவர்க்குப் புவியின் சுழற்சிக்கும் வடிவத்துக்கும் சான்றாகிறது.

ஒவ்வொரு படத்துடனும் நாள், நேரம், இடம், திசை, செய்த திருத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. மூலப்படத்தை அழியாமல் காக்க. முகில் மறைத்த இரவில் "எதுவும் தெரியவில்லை" என்றே எழுதுக. அதுவும் உண்மையான பதிவே.

பாராட்டுக்காக வானத்தை மாற்றிக் காட்டும் பழக்கம் படத்தோடு நின்றுவிடாது. கண்டதைக் கண்டவாறு உரைக்கும் பழக்கமும் அவ்வாறே. வான்நோக்கல் இளையோர்க்குத் தரும் தலையாய பயிற்சி இந்த நேர்மைதான். அதனைப் பெற்றவர் எத்துறையில் நின்றாலும் அவர் சொல் சான்றாக நிற்கும்.