ஓடு பழசு என்பது பதில் ஆகாது



ஐப்பசி மழை தொடங்கும் முன்னே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் கட்டாயம் படியுங்கள்.

வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கியிலேயே ஒரு இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுவிடுவது உண்டு. அது உங்கள் உயிருக்கா, வீட்டுக்கா என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. பாலிசிப் பத்திரம் எங்கே என்றால் அதுவும் தெரியாது. கூரை போன பிறகுதான் தேடுகிறோம்.

கூரை சேதத்தில் வரும் தகராறு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். விழுந்தது புயலாலா, வயதாலா? புயல் என்றால் பணம் உண்டு. தேய்மானம், கரையான், நாள்பட்ட கசிவு, சரியில்லாத கட்டுமானம் என்றால் இல்லை. இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக ஒழுகிய தளத்துக்கு ஒரு நாள் மழையைக் காரணம் காட்டிப் பணம் கேட்பது தப்பு. நாலு பேர் காப்பியடித்தால் பரீட்சை ஹாலில் எல்லாரையும் சந்தேகமாகத்தானே பார்ப்பார்கள்? அந்த மாதிரிதான் இதுவும்.

ஆனால் வீடு பழசு என்பதும், வீடு பழசானதால்தான் விழுந்தது என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிற கடிதத்தைப் படித்துவிட்டு நம் ஜனங்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்புகள் போன கதை உங்களுக்குத் தெரியும். அங்கே என் நாத்தனார் வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தார்சு. தென்னை மரம் ஒன்று ஓட்டின் மேல் சாய்ந்து விட்டம் முறிந்தது, சுவரும் மேலே பிளந்துவிட்டது. சர்வேயர் வந்து பார்த்தார். ஓரமாக இருந்த இரண்டு பனங்கையில் கரையான் அரித்திருந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மரச் சட்டம் முழுவதும் ஏற்கெனவே சேதமாகி இருந்தது, உடைந்த ஓடுகளுக்கு மட்டும் 18,000 ரூபாய் தரலாம் என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ஜினியர் போட்ட மதிப்பீடு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

"விடுங்க அண்ணி, குடுக்கறதை வாங்கிக்குவோம். அவங்ககிட்ட நாம சண்டை போட முடியுமா?" என்றாள் நாத்தனார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார் அவள் வீட்டுக்காரர். நான் தடுத்தேன்.

அவர்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். முறிந்த விட்டத்தைத் தூக்கி எறியாமல் கொல்லையில் போட்டு வைத்திருந்தார்கள். முறிந்த இடத்தில் மரம் கெட்டியாக இருந்தது, கரையான் தடமே இல்லை. இன்ஜினியர் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். இன்னொன்று, அந்த வருஷப் பொங்கலுக்கு வாசலில் குடும்பத்தோடு எடுத்த போட்டோ. பின்னால் கூரை கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கரையான் இருந்தது உண்மைதான், ஆனால் கூரையை இறக்கியது கரையான் அல்ல, தென்னை மரம். நிறுவனத்தில் மறுபடி முறையிட்டும் பலிக்காமல் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் 1,46,000 ரூபாய் வந்தது. அரித்த பனங்கைக்குக் கழித்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல விரும்புவதை வரிசையாகச் சொல்கிறேன்.

மழைக்கு முன்: இந்த ஞாயிற்றுக்கிழமையே கூரையை மேலே, கீழே, நான்கு மூலையிலும் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், தேதியோடு இருக்கும். தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளாது, நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். செய்த வேலைக்கு பில் வாங்கி வையுங்கள். வீட்டைப் பராமரித்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பாலிசி நகலை வங்கியில் கேட்டு வாங்குங்கள். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். நிலத்தின் விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்குப் போட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களே, மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. முழுக் கட்டடத்துக்கும் பாலிசி உண்டா என்று சங்கத்தில் கேளுங்கள்.

சேதம் ஆன அன்று: அள்ளிக் கொட்டும் முன் போட்டோ, வீடியோ எடுங்கள். மேலும் நனையாமல் தார்ப்பாய் போடுங்கள், அது உங்கள் கடமையும்கூட. உடைந்த மரம், கம்பி, ஓடு எதையும் சர்வேயர் பார்க்கும்வரை எறியாதீர்கள். போனில் சொன்னாலும் எழுத்திலும் உடனே தெரிவியுங்கள்.

சர்வேயர் வரும்போது: அவர் அரசு ஆணையத்தின் உரிமம் பெற்றவர். அவரை அனுப்புவதும் அவருக்குச் சம்பளம் தருவதும் நிறுவனம். மரியாதையாகப் பேசுங்கள், காபி கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். அவர் பார்க்காத இடத்தை நீங்கள் காட்டுங்கள். அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மறுத்தால்: எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு விலக்கு விதியைக் காட்டி மறுத்தால் அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலை இது. தொகை குறைவு என்று நினைத்தால் 'முழுத் தீர்வு' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். போட வேண்டி வந்தால் ஆட்சேபணையோடு பெறுகிறேன் என்று எழுதுங்கள்.

அதற்கு மேல்: முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அதற்கு இரண்டு வருஷக் கெடு. ஆனால் அங்கே முதலில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். வரிசை முக்கியம்.

"இவ்வளவு அலைச்சலா டீச்சர்?" என்று கேட்பீர்கள். அலைச்சல்தான். ஆனால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டியவர் கேட்பது தர்மம் அல்ல, பாக்கி. கடைக்காரர் மீதிச் சில்லறை தரவில்லை என்றால் கேட்காமல் வருவீர்களா? உள்ளதை உள்ளபடி கேளுங்கள். கரையான் இருந்தால் இருந்தது என்று சொல்லுங்கள். உண்மை பேசுகிறவன் சளைக்காமல் கேட்டால், பழசு என்ற ஒரு சொல்லை வைத்து அவனைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறவர்கள், அவர்கள் வீட்டு போட்டோவையும் பாலிசியையும் நீங்களே எடுத்து வையுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்