இல்லறச் சிந்தனை: சாவியைத் திருப்புவதற்கு முன்



ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைவாசிகளின் கண்கள் வானத்தை நோக்கித் திரும்புகின்றன. முன்பெல்லாம் அப்பார்வையில் மழைக்கான ஏக்கம் இருந்தது. 2015ஆம் ஆண்டுக்குப் பிறகு அச்சமும் அதில் கலந்துவிட்டது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தம் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மீது வரிசையாக நிறுத்தினார்கள். அதைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. நாம் நகைக்கவில்லை. அதற்கு நம் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மழைக்காலம் நெருங்கும்போது அதை எழுதி வைப்பது பிற குடும்பங்களுக்கு உதவும் என்று எண்ணுகிறோம்.

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் நீரில் மிதந்தன. ஆற்றுக்கு அருகிலிருந்த நம் தெருவிலும் வெள்ளம் புகுந்து, வாசலில் நின்ற காரின் முகவிளக்குவரை ஏறியது. உயிர் பிழைத்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறினோம். நீர் வடிந்தபின் காரைக் கழுவினோம். இருக்கைகளை வெயிலில் உலர்த்தினோம். பானெட்டைத் திறந்து பார்த்தபோது எல்லாம் காய்ந்தே தோன்றியது.

நமக்குப் பல ஆண்டுகளாக வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் உண்டு. டெலிபோன் வேலை செய்யாததால் மகனை அவருடைய ஷெட்டுக்கு அனுப்பினோம். “சாவியைத் தொடவே வேண்டாம்னு அப்பாகிட்டே சொல்லு தம்பி. வண்டியை இழுத்துக்கிட்டுத்தான் வரணும்” என்று அவர் சொல்லியனுப்பினார். இழுவை வண்டிக்காரர் 3,000 ரூபாய் கேட்டார். நமக்கு அது அநியாயமாகப் பட்டது. இளமையில் பழைய அம்பாசிடர் காரின் பிளக்குகளையும் பாயின்டையும் நாமே கழற்றி மாட்டியவர்கள் அல்லவா? ‘தன் கையே தனக்குதவி’ என்று சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்பினோம். உள்ளே இரும்போடு இரும்பு மோதியது போல் ஓர் ஓசை கேட்டது. அத்துடன் எஞ்சின் நின்றது.

நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் அறிந்தோம். எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றை நெருக்குகிறது. பெட்ரோல் காரில் அக்காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. டீசல் காரில் இன்னும் மிகுதியாகச் சுருங்குகிறது. காற்று நெருக்கினால் சுருங்கும், நீர் சுருங்காது. காற்று புகும் குழாய் வழியே வெள்ள நீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், மேலேறும் பிஸ்டன் பாறையில் முட்டியது போல் தடைபடும். அதைத் தாங்கி நிற்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நம் எஞ்சினில் நடந்ததும் அதுவே. சாவியைத் தொடாமல் பாட்டரி இணைப்பைக் கழற்றி வைத்து, வண்டியை இழுத்துச் சென்றிருந்தால், பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயையும் பில்டர்களையும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கக்கூடும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர் வந்தார். வெள்ளத்தால் நேர்ந்த சேதத்துக்குப் பணம் உண்டு. வெள்ளம் புகுந்த எஞ்சினை இயக்கியதால் நேர்ந்த சேதம் அதைத் தொடர்ந்து வந்த வேறொரு சேதம். அதற்குப் பணம் இல்லை என்றார். பாலிசியைப் படித்துப் பார்த்தோம். அவர் கூறியது சரியே. இத்தகைய சேதத்துக்கென எஞ்சின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கியிருக்க வேண்டும். நாம் வாங்கவில்லை. மூவாயிரத்தை மிச்சப்படுத்த எண்ணியவர்கள் எண்பதாயிரம் கொடுத்தோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இல்லத்தரசி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் நம் மனம் சற்று ஆறியிருக்கும்.

கைத்திறன் பழுதல்ல; காலம் மாறியதை உணராததே பழுது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலையின் ஹெரால்டு காரை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் முன்பகுதி முழுவதும் பெட்டியின் மூடி போல் முன்னோக்கித் திறந்துகொள்ளும்; முன்சக்கரத்தின்மீது உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம். அம்பாசிடரும் பியட்டும் அவ்வாறே எளியவை. நான்கு ஸ்பானர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தால் ஞாயிறு திருப்பலிக்கும் மதிய உணவுக்கும் இடையே வேலை முடிந்துவிடும். ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் மறைந்தது. கம்ப்யூட்டரின் ஆணைப்படி எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஆறாம் நிலை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அந்நுட்பம் மேலும் பெருகியது. இன்றைய எஞ்சினின் நோயைக் காதால் கேட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்கென உள்ள கருவியைப் பொருத்திப் படிக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா? நிறைய உண்டு. வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கையில், எண்ணெயின் அளவைக் கம்பியை உருவிப் பார்க்கலாம். குளிர்விக்கும் நீரின் அளவைக் கவனிக்கலாம். ஏர் பில்டரைத் திறந்து தூசி தட்டலாம். நைந்திருந்தால் புதியதை மாட்டலாம். பாட்டரி முனைகளில் பூக்கும் வெண்மையான உப்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைக்கலாம். டயரின் காற்றை அளக்கலாம். ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் வைப்பரோ பில்டரோ வாங்கி வந்து பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டே பொருத்தலாம். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். தந்தையுடன் சேர்ந்து கையில் கிரீஸ் பூசிக்கொண்ட ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை.

செய்யக்கூடாதவையும் உண்டு. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள். கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அப்புகையிலுள்ள நச்சுக்கு மணமில்லை, அது உயிரைப் பறிக்கும். டீசல் பீய்ச்சும் குழாய்களிலும், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களிலும், காற்றுப் பைகளிலும் கைவைக்காதீர்கள். எஞ்சின் தலையைக் கழற்றுதல், டைமிங் பெல்ட் மாற்றுதல் ஆகியவை பயிற்சியும் கருவியும் உடையோரின் வேலை. பழைய எண்ணெயை மழைநீர்க் கால்வாயில் கொட்டவே வேண்டாம். அது அடையாற்றுக்கோ கூவத்துக்கோதான் போய்ச் சேரும், ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

இவற்றுக்கு நடுவே ஐயம் எழும் வேலைகள் பல இருக்கும். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் பொருள்பட நம் ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பானெட்டைத் திறக்குமுன் நாமும் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். பழுது இன்னதென்று நமக்குத் தெரியுமா, அல்லது ஊகிக்கிறோமா? நம் கை தவறினால் நஷ்டம் எவ்வளவு: ஒரு பில்டரா, ஒரு எஞ்சினா, ஓர் உயிரா? இதில் செலவாகும் பணமும் நேரமும் நம்முடையவை மட்டுமா, குடும்பத்துக்கு உரியவையா? முதற்கேள்விக்கு ‘தெரியும்’ என்றும், இரண்டாவதற்கு ‘சிறிது’ என்றும் விடை வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மூன்றாவது கேள்வியை மட்டும் தனியே தீர்மானிக்காதீர்கள்; இல்லத்தரசியுடன் கலந்து பேசுங்கள். அன்று நாம் பேசவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்பதென்று முடிவானால், கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது பெறுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காரில் பெரிய வேலை எதையும் வெளியில் செய்யுமுன் அதன் விதிகளைப் படியுங்கள். அக்காலம் முடிந்தபின், தெருமுனையில் உள்ள திறமையான மெக்கானிக்கை நாடுவதில் தவறில்லை. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது; கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

உரிமையைப் பேசியபின் கடமையையும் பேச வேண்டும். ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக்கொடுப்பது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய சிறுவனாக இருந்தால், அந்தக் குறைந்த செலவு நமக்கு வேண்டாம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வேலையில் அமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிடினும் நம் மனச்சான்று தடுக்க வேண்டும். கூலியைப் பற்றியும் ஒரு சொல். ‘சிங்கராயர்’ என்று நம் முன்னோர் அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதனாலேயே கூலி நியாயமாகிவிடாது. அவர் சிக்கனமாக வாழ அது போதுமானதாக இருக்க வேண்டும் என்று போதிக்கிறது.

இதை எழுதும்போது நம் கை கூசுகிறது. எஞ்சின் வேலை முடிந்த நாளில், உதிரிப் பாகங்களின் பில்லில் இருந்த தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்தோம். மெக்கானிக்கின் கூலி வந்தபோது மட்டும் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னோம். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொண்டார். அவருடைய ஷெட்டிலும் இடுப்பளவு நீர் நின்றதையும், அவர் கருவிகள் பல துருப்பிடித்துப் போனதையும் நாம் கேட்கவே இல்லை.

அடுத்த ஆண்டு மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய திருநாள் அது. திருப்பலியில் முழந்தாளிட்டிருந்தபோது அந்த ஆயிரம் ரூபாய் நினைவுக்கு வந்தது. நாசரேத்தூர்த் தச்சர் கலப்பையைச் செப்பனிட்டுக் கொடுத்தபோது, கூலியைக் குறைக்கச் சொன்னவர்கள் அவ்வூரிலும் இருந்திருப்பார்கள் அல்லவா? அன்று மாலையே ஷெட்டுக்குச் சென்று பணத்தை அவர் கையில் வைத்தோம். “எதுக்கு சார் இது? அந்த மழையிலே எல்லாருக்கும் நஷ்டம்தானே” என்றார். பிறகு மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே வண்டியைக் கொண்டாந்து காட்டிடுங்க” என்றார்.

புதிய கார் வாங்கினால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்துக்குக் கொண்டுசென்று மந்திரித்துவருவது நம்மில் பலருடைய வழக்கம். நல்ல வழக்கம்தான். அந்தக் காரைப் பல ஆண்டுகள் ஓடச்செய்யும் கரங்களையும் நம் செபத்தில் நினைவுகூர்வோம். இவ்வாண்டு மழை வருமுன் இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெள்ளம் புகுந்த காரின் சாவியைத் தொடாதீர்கள். நன்கு தெரிந்த வேலையை நம் கைகளாலேயே செய்து மகிழ்வோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்து, அவருக்குரிய கூலியை அன்றைக்கே முழுமையாகக் கொடுப்போம்.